மாயவர்மனுக்கு இரண்டு பக்கம் குறைகிறது

ஏப்ரல் 9

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. பிளஸ்ஸா மைனஸா என்பது மே மாதம் தெரியும். விடுமுறை என்றால் விட்டுவிடும் முறை என்று நினைத்தேன். வீட்டுக்குள் அடைத்துவைக்கும் முறையாக இருக்கிறது. ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். அதே புளிக்குழம்பு அதே முகத்தோடு பார்த்தது.

கை சும்மா இருக்காமல் அப்பாவின் செல்போனில் என் நம்பரை 'மின்வாரியம்' என்று மாற்றி வைத்துவிட்டு மாடியிலிருந்து கூப்பிட்டேன். "சார், வணக்கம் சார், போன மாசமே கட்டியாச்சு சார்" என்று எழுந்து நின்று பேசினார். நான் சிரித்துவிட்டேன். "கழுத" என்று வைத்துவிட்டார். மின்வாரியத்தைக் கழுதை என்று திட்டிய முதல் நுகர்வோர் எங்கப்பாதான்.

ஏப்ரல் 11

நாளைக்கு நான் பெரிய ஆளாகி, யாராவது இந்த டைரியைத் திருடிப் படித்தால் குழம்பக் கூடாது. அதனால் விவரம்.

என் பெயர் அக்னிமாலா. சிவகாசி வெயிலில் இப்படி ஒரு பெயரோடு வாழ்வது எளிதல்ல. அப்பாவின் நாவலில் ஏழு கடல் தாண்டிப் போய் வாளெடுக்கும் இளவரசிக்கு இந்தப் பெயர். நான் ஏழு தெரு தாண்டி டியூஷன் போகிறேன்.

அப்பா தங்கமாரியப்பன் காலண்டர் கம்பெனி ஏஜென்ட். ஒரு காலத்தில் 'மாயவர்மன்' என்ற பெயரில் மாத நாவல் எழுதினார். மந்திரவாதி, பாதாளக் குகை, பேசும் மண்டையோடு எல்லாம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் நூல் கட்டித் தொங்கும். அந்த நாவலுக்குத் தொண்ணூற்றாறு பக்கம் என்று கணக்கு. கதை முன்னதாகவே முடிந்துவிட்டால் பிரஸ்ஸிலிருந்து போன் வரும். "ரெண்டு பக்கம் குறையுதுண்ணே" என்பார்கள். அப்பா சாயங்காலத்துக்குள் ஒரு கவிதை அனுப்புவார். கதையில் வரும் யாராவது கிழட்டு மந்திரவாதி பாடியதாகப் போட்டுப் பக்கத்தை அடைத்துவிடுவார்கள்.

இப்போது நாவலை எவரும் தேடவில்லை. அடைக்கப் போட்ட கவிதையைத் தேடுகிறார்கள்! மதுரையில் 'எட்டுக்கால் காமிக்ஸ்' நடத்தும் பூமிநாதன் அண்ணன் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து அந்தக் கவிதைகளை மட்டும் சேர்த்து, படக்கதையாகப் போட்டார். ஒவ்வொரு கவிதைக்கும் நாலைந்து பக்கம் படம், வரிகளெல்லாம் கட்டத்துக்குள். முதல் பாகம் விற்றுக் காலி. காலேஜ் பிள்ளைகள் அந்த வரிகளைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்களாம். அப்பா தரையில் நடப்பதில்லை. ஒரு விரற்கடை மேலேதான் நடக்கிறார்.

இரண்டாம் பாகத்துக்கு எழுத்து வேலை எனக்கு. படத்தில் விட்டிருக்கும் வெள்ளைக் கட்டத்துக்குள் கவிதையைக் கையால் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறதாம்.

அம்மா ராஜகனிக்கு ரேஷன் கடையில் விற்பனையாளர் வேலை. அவளுக்கும் கவிதைக்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் 15

படம் போடும் ஷெர்லின் அக்கா நாகர்கோவிலிலிருந்து தாள்களோடு வந்தாள். முதல் கவிதை இது:

ஏழு முறை சீறும் நாகம் அது.
ஆறாம் சீற்றம் வரை அஞ்ச வேண்டாம்.
ஏழாவதில் அதன் தலையை எடுப்பவள்
அன்று ஊருக்குப் படியளப்பாள்.

பனிமலை உச்சியில் நாகம் சுருண்டிருக்க, மூக்கிலிருந்து புகை கிளம்புவதுபோல் வரைந்திருந்தாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"சார், ஏழு சீற்றம்னா என்ன அர்த்தம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஏழு பிறவிம்மா. தலையை எடுக்குறதுன்னா ஆணவத்தை அறுக்குறது."

"எடுப்பவள்னு பொம்பளையா வருதே?"

அப்பா விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆதிபராசக்தி" என்றார்.

கடையிலிருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "இது எதுக்கு மலைக்குப் போச்சு?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் இருமல் வரும் வரை நிறுத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். ரசனை இல்லாத ஜென்மம். உள்ளே குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்தது. எனக்குப் பசி.

ஏப்ரல் 17

இன்றைக்கு அரக்கன் கவிதை.

இரவைத் தின்னும் அரக்கனே,
கோட்டையில் இன்னும் எத்தனை இரவு மிச்சம்?
அரசன் பங்கை விட்டுவிட்டு
என் பங்கை மட்டும் ஏன் தின்கிறாய்?

பனைமர உயரத்துக்கு அரக்கன், கொம்பு, பரட்டைத் தலை என்று அக்கா போட்டிருந்தாள். அப்பா கைதட்டினார். அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இம்புட்டு ஒசரம் வேண்டாம்மா. ஒரு முழம் போதும். கொம்பும் வேண்டாம். தலையில முடியே கெடையாது."

"அரக்கன் ஆன்ட்டி!"

"அரக்கன்தான். யாரு இல்லன்னா? அதுக்கு மேலயும் சொல்லலாம்" என்று என்னைப் பார்த்தாள். நான் பாட்டுக்குப் பேனாவுக்கு மை அடைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஏன் பார்க்க வேண்டும்?

"கலை விஷயத்துல தலையிடாத கனி" என்றார் அப்பா.

ஷெர்லின் அக்கா வேறொரு தாளில் வரைந்தாள். இருட்டான பெரிய கோட்டை. நடுவில் ஒரு முழ அரக்கன், மொட்டைத் தலை, வாய் மட்டும் ஆகாயம் வரை திறந்திருந்தது. முதல் படம் வெறும் பொம்மை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவும் பார்த்தார். அடுத்த தாளை எடு என்றார்.

ஏப்ரல் 18

மின்தடை. எறும்பு வரிசையில் நடுவில் கோடு போட்டு இரண்டு கட்சியாக்கினேன். கொஞ்ச நேரத்தில் கூட்டணி வைத்துவிட்டன.

ஏப்ரல் 21

இன்றைய சேட்டை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் எழுதுகிறேன். கவிதை இதுதான்:

குடங்களின் படை வாசலில் நிற்கிறது.
தளபதி இன்னும் வரவில்லை.
வந்தால் போர், வராவிட்டால் தாகம்.
முன்வரிசையில் என் குடம் நிற்கிறது,
என்னைவிடத் தைரியமாக.

போரடித்தது. மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, 'வந்தால் வாள். வராவிட்டால் வால்' என்று கட்டத்துக்குள் அழகாக எழுதி அப்பாவிடம் நீட்டினேன். திட்டுவார், சிரிப்பார், சாயங்காலம் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்பா சத்தமாக வாசித்தார். அந்த வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வாள், வால்! பாத்தியாம்மா? இதெல்லாம் எப்பிடி எழுதுனேன்னு எனக்கே தெரியலம்மா."

அந்தப் பக்கம் போன அம்மா தாளை ஒரு பார்வைதான் பார்த்தாள். கையில் துடைப்பம் வேறு. "நடுவுல ஒண்ணத் தூக்கிட்டு என்னத்தடி சொருகி வச்சிருக்க? 'வந்தால் போர், வராவிட்டால் தாகம்'ல்ல அது. எழுத்தக் கெடுக்காத."

போய்விட்டாள்.

அப்பாவின் காது சிவந்தது. "ப்ரூஃப் பாக்கும்போது எனக்கும் பட்டுச்சு" என்றார். நான் வேறு தாளில் சரியாக எழுதினேன். அம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி. ரேஷன் கடையில் எத்தனை கார்டு, எத்தனை பெயர்! அதுதான். வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 22

ஒரு சந்தேகம். அப்பா நாவல் எழுதிய காலத்தில் நாங்கள் குடியிருந்த காளியம்மன் கோயில் தெருவில் லாரித் தண்ணீர்தான். குடத்தை முந்தின நாளே வரிசையில் போட்டுவிட்டு வருவார்களாம். அப்பா ஒரு நாளும் தண்ணீர் தூக்கியதில்லை என்று அம்மா சண்டையில் சொல்லுவாள்.

சரி. கவிஞர்களுக்குக் கற்பனை உண்டு.

ஏப்ரல் 24

ஒரு யூடியூப் சேனலில் அப்பாவின் பேட்டி வந்தது. அப்பா சில்க் ஜிப்பாவில் இருந்தார். பின்னால் காலண்டர் கம்பெனியின் சாம்பிள் முருகன்கள்.

"வீட்டுல உங்க கவிதைகளைப் படிப்பாங்களா?" என்று பேட்டி எடுத்த பையன் கேட்டான். அப்பா சிரித்தார். "வீட்டுக்காரி ரேஷன் கடையில வேலை பாக்குறா. அரிசி, பருப்பு, பாமாயில். அவளுக்கு இதெல்லாம் எட்டாதுங்க." பையனும் சிரித்தான்.

மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் வரிசை. முன்னால் நின்ற லூர்தம்மா அத்தை போனைப் பில் மெஷின் பக்கத்தில் நீட்டி, "கனி, ஒன் வீட்டுக்காரரு ஒன்னயப் பத்திச் சொல்லுதாரு பாரு" என்று அந்த இடத்தையே இரண்டு தடவை ஓட்டினாள். அம்மா பார்த்தாள். "சரியாத்தான சொல்லுதாரு. கார்டக் குடுக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து, காலையில் பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். நான் கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டேன். கீழேயே விட்டிருந்தால் என்னையும் சேர்த்துப் பெருக்கியிருப்பாள்.

ஏப்ரல் 26

பூமிநாதன் அண்ணன் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில்தான் பேசுவார், தெருவுக்கே தெரிய வேண்டும்.

"அண்ணே, அட்டை அடிச்சு வந்துருச்சு. தங்க எழுத்துல மாயவர்மன், ஜொலிக்குது. உள்ள மட்டும் ஒரு சின்ன சிக்கல். ரெண்டு பக்கம் குறையுதுண்ணே."

அப்பா பழைய மிடுக்கோடு, "பொழுது சாயறதுக்குள்ள அனுப்புறேன் தம்பி" என்றார்.

"புதுசாவே எழுதிருங்க. 'பதினஞ்சு வருசத்துக்குப் பெறகு மாயவர்மனின் புதிய கவிதை'ன்னு போஸ்டர் போட்டுர்றேன்! ரெண்டாம் தேதி அச்சுக்குப் போகணும். மதுரை வாசகர் சந்திப்புல வெளியீடு. உங்கள மேடையில வாசிக்கச் சொல்லப்போறேன்."

போனை வைத்ததும் அப்பா அடுப்படி வாசலில் போய் நின்றார். "கனி, ரெண்டு பக்கம் குறையுதாம்."

"எனக்கு ஸ்டாக் எடுக்கணும்" என்றாள் அம்மா.

"ஒரு ஆறேழு வரி..."

"எனக்கு எட்டாதுங்க" என்றாள். அப்பா பேட்டியில் சொன்ன அதே குரல், அதே இழுப்பு. சட்டினிக்குத் தாளித்துக் கொட்டினாள். அப்பா வாசலிலிருந்து நகரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

என்னவோ எழுத வந்தேன், வேண்டாம். பேனா தீருகிறது.

ஏப்ரல் 28

அப்பா எழுதுகிறார். எழுதிக் கிழிக்கிறார். நானும் நிலைகொள்ளாமல் மாடிக்கும் வாசலுக்கும் அலைகிறேன். அம்மா கடைக்குப் போகிறாள், வருகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கேட்காததற்குத்தான் வீடு காத்திருக்கிறது.

இன்றைய ராசிபலனில் அப்பாவுக்கு 'புகழ்' என்று இருக்கிறது. அந்தக் காலண்டருக்கு ராசிபலன் எழுதியதும் அப்பாதான்.

ஏப்ரல் 30

"மாலா, நீ ஒண்ணு எழுதிப் பாரேன். ஒனக்கு வரும். ரத்தத்துல இருக்குல்ல" என்றார் அப்பா.

"உங்க ரத்தமா?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. அவர் மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கூட்டினார், குறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பெறந்ததுல இருந்து ஒரு வருசம் நீ ராத்திரி தூங்கவே இல்ல, தெரியுமா? எனக்கு நாவல் எழுதணும், கதவைச் சாத்திக்குவேன். அவதான் ஒன்னயத் தோள்ல போட்டுட்டு நடப்பா. பிரஸ்ல இருந்து போன் வந்தா நடந்துக்கிட்டேதான்..." என்றார்.

"நடந்துக்கிட்டேதான்?"

"ஒண்ணுமில்ல. காபி போடச் சொல்லு."

ஒரு முழம். மொட்டைத் தலை. வாய் ஆகாயம் வரை.

அடப்பாவி. நானா?

மே 1

காலையிலிருந்து கை குறுகுறுத்தது. அப்பா கடைசியில் ஒன்றை முடித்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அண்டம் அதிர்ந்தது! ஆழி கொதித்தது!
வஜ்ர வாளெடுத்து வந்தேன் நானே!
மின்னலே விலகு! மேகமே ஒதுங்கு!
வெற்றி என் பேரே! வீரம் என் வேரே!

கவிஞர் கவிழ்ஞர் ஆன இடம் என்று எழுத ஆரம்பித்தேன். சிரிப்பு வரவில்லை. ஓரத்தில் பேனாவைக் குத்திக் குத்திப் பார்த்திருந்தார், தாள் பொத்தல் பொத்தலாக இருந்தது.

ஆனாலும் போட்டோ எடுத்து, அப்பாவின் போனிலிருந்தே பூமிநாதன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. ஏதாவது ஒன்று வெடித்தால் தேவலை என்றிருந்தது. சிவகாசிக்காரி.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனின் குரல் செய்தி வந்தது. அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இடது கையால் அழுத்தினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது நீங்க எழுதுனதா? உங்க கவிதை மாதிரியே இல்லையேண்ணே. யாரோ மாயவர்மன் மாதிரி எழுதிப் பாத்த மாதிரி இருக்கு. போன்ல வேற யாரும் வெளையாடிட்டாங்களா? பாப்பா சேட்டையா? உங்களோடத அனுப்புங்கண்ணே, காத்துக்கிட்டு இருக்கேன்."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்திருந்தாள். அவள் சிரிப்பாள் என்று நான் பயந்தேன். சிரிக்கவில்லை.

"நான்தான்ப்பா அனுப்புனேன். சும்மா வெளையாட்டுக்கு..." என்றேன்.

"நல்ல வேலை பண்ணுன" என்றார். திட்டா இல்லையா என்று தெரியாத குரல். ரசத்தைக் குடித்தார். தட்டைத் தானே கழுவி வைத்தார். எங்கள் வீட்டில் இது நடந்ததில்லை.

மே 2

அம்மாவுக்கு இன்று வார விடுமுறை. புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜிப்பா போடவில்லை, பனியனோடு வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். போனை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லுங்கண்ணே! கவிதை ரெடியா?"

"தம்பி, நேத்து வந்தது என் கவிதைதான்."

"அண்ணே..."

"அது ஒண்ணுதான் என் கவிதை. மொதல் பாகத்துல உள்ளது, ரெண்டாம் பாகத்துல உள்ளது, அந்தச் சட்டையில அடிக்கிறாங்களே அது, எல்லாம் என் வீட்டுக்காரி சொன்னது. பிரஸ்ல இருந்து போன் வரும், அவ சொல்லுவா, நான் எழுதி அனுப்புவேன். பக்கத்த அடைக்கிற சமாச்சாரம்தானன்னு மொதல்ல பேரு போடல. பெறகு போட முடியல."

எதிர்முனையில் ஒரு லாரி ஹாரன் மட்டும் கேட்டது. அம்மா புளியிலிருந்து நிமிரவில்லை. கொட்டைகள் டக் டக்கென்று கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தன.

"அண்ணே," என்றார் பூமிநாதன் அண்ணன், அழுகிற மாதிரி, "அட்டை அடிச்சாச்சேண்ணே. தங்க எழுத்து."

"அதுக்கு மேல லேபிள் ஒட்டு. சிவகாசியில லேபிளுக்கா பஞ்சம்?"

"சந்திப்புல என்னண்ணே சொல்றது? உங்களத்தான எல்லாரும் பாக்க வர்றாங்க. கிழிச்சுருவாங்கண்ணே."

"கிழிக்கட்டும். நான் வந்து நிக்கிறேன்."

இத்தனைக்கும் அவர் முகத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. நான் மின்விசிறியைக் கூட்டப் போனேன், ஏற்கனவே முழு வேகத்தில்தான் ஓடியது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றேன். கேலி செய்ய ஒரு வார்த்தைகூட வரவில்லை. எனக்கு இது புதிது.

"பாதிக்குப் பாதின்னு போட்டுக்கலாமாண்ணே? ரெண்டு பேரு பேரும்? மாயவர்மன் - ராஜகனி?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா புளிக்கையை முந்தானையில் துடைத்தாள், குனிந்து போனை எடுத்தாள்.

"தம்பி, அது கெடக்கட்டும். எத்தன வரி குறையுது?"

"அக்கா... ரெண்டு பக்கம்க்கா. நாலு, அஞ்சு வரி. படத்துக்கு இடம் விடணும்."

"லைன்லயே இருங்க."

சுவரைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, சாம்பிள் முருகன்தான். நான் பேனாவையும் தாளையும் எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள். அப்பா தாளைத் தொடையில் வைத்துக்கொண்டார். அவள் சந்தையில் விலை சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்:

"கதவு காக்கும் பூதம் பெயர் கேட்பதில்லை.
விரலை நீட்டு என்கிறது.
நீட்டினேன். உன்னைத் தெரியாது என்றது.
இருபது வருடம் உனக்குத் தீனி போட்ட விரல் என்றேன்."

அப்பாவின் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க" என்றாள் அம்மா.

எழுதினார்.

"துடைத்துவிட்டு மறுபடி வை என்றது."

அவள் கடையில் கைரேகை மெஷின் முன்னால் ஒவ்வொரு கிழவியிடமும் சொல்கிற வாக்கியம். ஆயிரம் தடவை என் காதில் விழுந்திருக்கிறது. ஷெர்லின் அக்கா பூதத்தை எந்த உயரத்துக்குப் போடுவாள்? மேசை மேல் வைக்கிற அளவுதான் அது. நானே சொல்லிவிடுகிறேன்.

போனில் பூமிநாதன் அண்ணன், "அக்கா" என்று மட்டும் சொன்னார்.

கடைசி வரிக்குக் கீழே அப்பாவின் கை பழக்கத்தில் 'மாய' என்று எழுதிவிட்டது. நிறுத்தினார். அம்மா புளியை அள்ளிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள், பார்க்காத மாதிரி. அவர் அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் மெதுவாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ராஜகனி என்று எழுதினார். 'ஜ'வில் கை கொஞ்சம் கோணியது. அவர் அந்தப் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை.